சின்ன முள்

ஜெபசீலியிடம் ஒரு எண்ணைச் சொன்னால் அவள் அதை உடனே நம்பிவிடமாட்டாள். பஸ் நாலரைக்கு என்று யாராவது சொன்னால், யார் கடிகாரத்தில் நாலரை என்று கேட்பாள். மகள் ஃபெபா காய்ச்சல் நூற்றிரண்டு என்று படுத்தால், தெர்மாமீட்டரை உதறி மறுபடி வை என்பாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் குணத்தால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை போயிருக்கிறது. இரண்டாவது வேலையும் போகப் பார்த்தது ஒரு வியாழக்கிழமையில்.

காவேரிப்பட்டினத்துக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்குப் பித்தளைப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். மேசையில் இடது பக்கம் பார்க்காத பாகங்கள், வலது பக்கம் பார்த்த பாகங்கள், நடுவில் ஒரு டயல் கேஜ். அதில் ஒரு பெரிய முள் இருக்கும். பாகத்தை அடியில் வைத்தால் முள் நகர்ந்து, உயரம் எத்தனை கூட, எத்தனை குறைச்சல் என்று காட்டும். ஒரு முழு வட்டம் சுற்றினால் ஒரு மில்லி மீட்டர். அதே முகப்பில் ஓரமாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு இன்னொரு வட்டம். அதற்குள் ஒரு சின்ன முள். பெரிய முள் எத்தனை முழுச் சுற்று போயிருக்கிறது என்று எண்ணிச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

அவசரமாகப் பார்க்கிறவர்கள் சின்ன முள்ளைப் பார்ப்பதில்லை. முதல் மாதத்தில் ஜெபசீலியும் பார்க்கவில்லை. ஒரு நாள் பெரிய முள் இரண்டு கோடு தள்ளி நின்றது. இரண்டு கோடுதானே என்று பாஸ் போட்டுவிட்டாள். உண்மையில் அது ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்துதான் இரண்டு கோட்டில் நின்றிருந்தது. ஒரு மில்லி கூடுதல். அறுநூறு பாகங்கள் அவள் கையெழுத்தோடு லாரி ஏறிப் போய், அறுநூறும் அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தன. எல்லோர் முன்னாலும் அந்தப் பெட்டிகளை அவளையே பிரிக்கச் சொன்னார்கள். அன்று அவளுக்கு வந்த கோபம் சூப்பர்வைசர் மேல் இல்லை, பெரிய முள்ளின் மேல். ஏமாற்றிவிட்டு எவ்வளவு சாதுவாக நின்றது அது.

அதற்கப்புறம் எட்டு வருடமும் அவள் கண் முதலில் போவது சின்ன முள்ளுக்குத்தான். சந்தேகம் வந்தால் சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவாள். 'ஹோல்ட்' என்று அச்சடித்த அட்டை. அது தொங்குகிற பெட்டியை யாரும் நகர்த்தக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம், கம்பெனிக்கு வசதியாக இருக்கிறவரைக்கும். எட்டாம் வருடம் ஒரு மாதக் கடைசியில், லாரி நிற்கிறது, அட்டையைக் கழற்று என்றார் மேலாளர். கழற்றமாட்டேன் என்றாள். அவரே கழற்றினார். அவள் இன்னொன்று கட்டினாள். அடுத்த வாரம் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அவள் பேக்கிங் பக்கமே போகாமல் வீட்டுக்கு வந்து, இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தாள். வரும்போது மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டு சிவப்பு அட்டையையும் எடுத்து வந்துவிட்டாள். திருட்டுதான். கேட்டால் இல்லை என்று சொல்லவும் மாட்டாள்.

இப்போது பதினோரு வருடமாக ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் இருக்கிறாள். மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், பெயரில்லாமலே இருக்கட்டும். வியாழக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து டாக்டர் மாதேஸ்வரன் வந்து அங்கே அறுவை செய்வார். கல்லீரலில் கைதேர்ந்தவர். அந்த வியாழக்கிழமை அவர் மேசையில் படுக்க இருந்தவர் சென்னப்பன், பாகலூர்ப் பக்கம் ரோஜா போடுகிறவர், ஐம்பத்து நாலு வயது. கல்லீரலின் வலது பாதியில் ஒரு கட்டி. அந்தப் பாதியை எடுத்துவிட்டு, மீதி இருக்கும் இடது பாதியை வைத்து அவரை வாழவைக்க வேண்டும். மீதித் துண்டு பிழைத்தால் அவர் பிழைப்பார். இல்லாவிட்டால் இல்லை.

காலை ஏழு மணிக்கு வார்டுக்குப் போய் அவரிடம் இரத்தம் எடுத்தவள் ஜெபசீலிதான். ஊசி இறங்கியபோது அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டு கையும் முழங்கை வரை கீறல்.

"வலிக்கலீங்களா?" என்று கேட்டாள்.

"ரோசாத் தோட்டத்துக்காரனுக்கு ஊசி என்னாத்துக்கு வலிக்குது, மேடம். பெரிய முள்ளு குத்துனா புடுங்கிப் போட்டுட்டு வேலயப் பாப்பன். இந்தச் சின்ன முள்ளு இருக்குது பாருங்க, அதான் மோசம். குத்துனதே தெரியாது. ரெண்டு நாள் கழிச்சி சீழ் வெச்சி நிக்கும்." டியூப் நிறைந்ததும், "ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார், முடிந்துவிட்டதா என்று.

"ஆயித்து," என்றாள்.

அவர் மனைவி வெள்ளையம்மா கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவருடைய செருப்பை ஒரு மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். திரும்பி வந்ததும் அவர் போட்டுக்கொள்ள வேண்டுமே. ஜெபசீலிக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று. ஏன் என்றும் அவளுக்குத் தெரியும்.

கல்லீரலுக்கு அடிபட்டால் அது வெளியே சொல்லாது. அதன் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற பொருள் இரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு அடி என்று தெரியும். நல்லபடியாக இருக்கிற ஆளுக்கு நாற்பதுக்குள் இருக்கும். அறுவையின் நடுவில், இரத்தம் பீறிடாமல் இருக்க, கல்லீரலுக்குள் போகும் குழாய்களைப் பதினைந்து நிமிடம் கிளாம்ப் போட்டு அடைப்பார்கள், ஐந்து நிமிடம் திறப்பார்கள், மறுபடி அடைப்பார்கள். அதனால் எண் ஏறத்தான் செய்யும். எவ்வளவு ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் டாக்டர் நடுநடுவே லேபுக்கு இரத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

காலையில் முப்பத்தெட்டு. பதினோரு மணிக்கு நானூற்றுப் பத்து. பன்னிரண்டரைக்கு ஆயிரத்து நூற்றைம்பது. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு எடுத்த நாலாவது டியூபை இயந்திரத்தில் வைத்தாள். அறுபத்தொன்று என்று வந்தது.

லேபுக்குப் பொறுப்பாளர் தீர்த்தகிரி. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது, தியேட்டருக்குப் போனைப் போட்டார். "அறுபத்தொண்ணு, சார். சூப்பரா எறங்கிருச்சி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னாத்துக்கு சார் சொன்னீங்க? நான் இன்னும் ரிசல்ட்ட விடலியே," என்றாள் ஜெபசீலி.

"வந்த நம்பர்தானம்மா சொன்னன்."

"ஒன்ற மணி நேரத்துல ஆயிரத்து நூத்தம்பது எப்பிடி சார் அறுபத்தொண்ணா ஆவும்? ரத்தத்துல கலந்தது பாதியாக் கொறயவே முக்கா நாள் ஆவுமே."

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். நம்பரக் குடுக்கறதுதாம்மா நம்ம வேல. அர்த்தம் அவங்க பாத்துக்குவாங்க."

"நம்பரே பொய்யா இருந்தா அவங்க எந்த அர்த்தத்தப் பாப்பாங்க?"

இயந்திரத்தின் திரையில் அந்த அறுபத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் நின்றது. அச்சடித்த ரிப்போர்ட்டில் அது வராது. மென்பொருள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நட்சத்திரத்தை விழுங்கிவிடும். அவள் விரல் வைத்துக் காட்டினாள்.

"அந்த ஸ்டார் எல்லாத்துக்குந்தான் வருது," என்றார் தீர்த்தகிரி. "மருந்து கொஞ்சம் பழசானாக்கூட வருது. அதெல்லாம் பாத்துட்டிருந்தா ஒரு ரிப்போர்ட் போவாது."

ஜெபசீலி அந்த நட்சத்திரத்தையே பார்த்தாள். ஓரமாக, பொத்தானை விடச் சின்னதாக இருந்தது. அறுநூறு பித்தளைப் பாகங்களும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

இந்த இயந்திரம் அந்தப் பொருளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. இரத்தத்தைச் சுழற்றினால் மேலே நிற்கும் தெளிவில் ஒரு மருந்து நீரை விட்டு, மருந்து எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று பார்க்கும். வேகமாகத் தீர்ந்தால் நிறைய இருக்கிறது. மெதுவாகத் தீர்ந்தால் கொஞ்சம் இருக்கிறது. அளவுக்கு மீறி இருந்துவிட்டால்? இயந்திரம் பார்க்க ஆரம்பிப்பதற்குள்ளேயே மருந்தெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அப்புறம் என்ன அசைவு தெரியும்? அசைவே இல்லை என்று இயந்திரம் ஒரு சாதுவான எண்ணைக் காட்டிவிட்டு, மனசாட்சிக்கு ஒரு நட்சத்திரம் போடும். முள் முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்து இரண்டு கோட்டில் நிற்பதற்கும் இதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தியேட்டருக்குப் போன் போட்டாள். நர்ஸ் லிபியா எடுத்தாள்.

"லிபியா, அந்த அறுபத்தொண்ண நம்ப வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லு. ஹோல்டு. பத்து நிமிசத்துல வேற நம்பர் தர்றன்."

"அக்கா, உங்க சார்தான் சொன்னாரே. டாக்டர் தைக்க ஆரம்பிச்சிட்டாரு. இப்ப போயி நடுவுல பேசுனா என்னத் திட்டுவாரு."

"திட்டட்டும். சொல்லு."

போனை வைத்துவிட்டு, ஒரு பங்கு தெளிவுக்கு ஒன்பது பங்கு உப்புநீர் சேர்த்துக் கலந்து மறுபடி வைத்தாள். பக்கத்தில் இன்னொரு டியூபிலும் அதையே செய்து வைத்தாள். தீர்த்தகிரி நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். டியூப் மாறியிருக்குமோ என்று அவள் லேபிளைப் பார்த்தாள். சென்னப்பன் பெயர்தான், லிபியா கையெழுத்துதான். திரையில் நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. இரண்டாவது டியூபில் நானூற்றுப் பதினைந்து. பத்தால் பெருக்கினால் நாலாயிரத்துக்கு மேலே. நட்சத்திரம் இல்லை.

அவள் மறுபடி போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. எண்ணை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு படியேறி ஓடினாள். இரண்டாம் மாடியில் பெஞ்சிலிருந்து வெள்ளையம்மா எழுந்து, "என்னாச்சிங்க?" என்று கேட்டாள். மடியிலிருந்த பை கையில் இருந்தது. ஜெபசீலி நிற்காமல் ஓடினாள்.

தியேட்டர் வாசலுக்குள்ளே தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். பச்சை உடையும் தொப்பியும் இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. பதினோரு வருடத்தில் அவள் ஒருநாளும் தாண்டியதில்லை. சிவப்பு என்றால் நிற்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். அன்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினாள். உள் கதவின் கண்ணாடியில் அந்தத் தாளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு தட்டினாள்.

டாக்டர் நிமிரவில்லை. "யாரது?" என்றார்.

"லேப், சார். அறுபத்தொண்ணு பொய். நாலாயிரத்து நூத்தி இருவது."

"எப்ப எடுத்த ரத்தம்?"

"ரெண்டு அஞ்சுக்கு நீங்க அனுப்புனது. மெஷினால தாங்க முடியாம கம்மியாக் காட்டிருச்சி. பத்து மடங்கு நீர்க்க வெச்சி, ரெண்டு தடவ ஓட்டிட்டன்."

டாக்டர் இப்போதுதான் நிமிர்ந்து கண்ணாடியில் இருந்த தாளைப் பார்த்தார். அவர் வெளியே போ என்று சொல்லியிருந்தாலும் அவள் போயிருக்கமாட்டாள், அது வேறு விஷயம்.

"தையலப் பிரிங்க," என்றார் டாக்டர்.

உள்ளே நடந்ததை மாலையில் கேன்டீனில் லிபியா சொன்னாள். வலது பாதியை எடுத்த இடம் காலியாக இருந்ததால், மீதிக் கல்லீரல் அந்தப் பக்கம் சரிந்துவிட்டிருக்கிறது. சரிந்ததில், இரத்தம் வெளியேறும் குழாய் மடங்கிக்கொண்டது. உள்ளே நுழைந்த இரத்தம் போக வழியில்லாமல், துண்டு உப்பிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. கறுப்பை டாக்டர் முன்னாலேயே பார்த்திருந்தாராம். கிளாம்ப் போட்டதால் வந்த நிறம்தான், எண்தான் இறங்கிவிட்டதே என்று விட்டிருக்கிறார். பிரித்ததும் துண்டை நிமிர்த்தி, பழைய இடத்திலேயே நாலு தையல் போட்டு நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் திரும்பியது என்று சொல்லும்போது லிபியாவுக்குக் கண் கலங்கியது. ஜெபசீலி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு மெமோ வந்தது. பொறுப்பாளர் ஏற்கெனவே தெரிவித்த முடிவை நிறுத்திவைத்தது ஒரு குற்றம். உரிய உடை இல்லாமல் தியேட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டியது இரண்டாவது குற்றம். ஒரு வாரத்துக்குள் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. அறுபத்தொன்று என்று போனில் சொன்னவரைப் பற்றி அந்தத் தாளில் ஒரு எழுத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது கணவர் அருள்ஜோசப் பேச்சை எடுத்தார். அவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர்.

"சாரின்னு எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாரேன். ரெண்டே எழுத்து."

"ரெண்டு எழுத்துதாங்க. கீழ என் கையெழுத்து இருக்கும் இல்ல."

"வேல போயிருச்சின்னா?"

"தப்புக்கு ஒரு தடவ கையெழுத்துப் போட்டன். அறுநூறு பாகத்தயும் நாந்தான் பிரிச்சி அடுக்குனன். இன்னொரு தடவ போட மாட்டன்."

அவளுக்குப் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஃபெபா பதினொன்றாம் வகுப்பு. நாற்பது வயதில் மூன்றாவதாக ஒரு தொழிலைப் படிக்க முடியுமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். அரிசி களையும்போது யோசித்தாள், பஸ்ஸில் யோசித்தாள். யோசித்து முடித்த பிறகும் அந்த இரண்டு எழுத்து கைக்கு வரவில்லை.

சென்னப்பன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தினமும் அவர் இரத்தம் லேபுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். சனிக்கிழமை ஆயிரத்துச் சொச்சம். ஞாயிறும் திங்களும் காமாலை ஏறியது. வெள்ளையம்மா பெஞ்சை விட்டு அசையவில்லை, பையையும் கீழே வைக்கவில்லை. அப்புறம் நானூறு, இருநூறு என்று இறங்கியது. நாள் கணக்கில், ஒழுங்காக, இறங்க வேண்டிய வேகத்தில் இறங்கியது. அடுத்த வியாழக்கிழமை டாக்டர் மாதேஸ்வரன் வந்தபோது லேப் ஜன்னலருகே நின்றார்.

"அந்த ஸ்டார் இனி ரிப்போர்ட்லயே வரணும்னு சொல்லியிருக்கேன்," என்றார்.

"எனக்கு மெமோ குடுத்திருக்காங்க, சார்."

"அது நிர்வாகம் பாக்கறது, சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோரு வருடமாகப் பார்க்கிறார், அவள் நர்ஸ் இல்லை என்று இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை, கெடுவின் கடைசி நாள், சென்னப்பனின் டியூப் வந்தது. வைத்தாள். திரையில் வந்த எண் அறுபத்தொன்று.

தீர்த்தகிரி எழுந்து வந்து பார்த்தார். அவருக்கும் அந்த எண் மறக்கவில்லை. இந்த முறை போனைத் தொடவில்லை. "இதயாவது விடுவியாம்மா, இல்ல இதுவும் பொய்யா?" என்று கேட்டார். குரலில் கிண்டல் பாதி, மீதி என்னவென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இருங்க, சார்."

நட்சத்திரம் இல்லை. இருந்தும் பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி ஓட்டினாள். ஆறு என்று வந்தது. பெருக்கினால் அறுபது.

"இப்ப விடறன்," என்று கையெழுத்துப் போட்டாள். மேலே வார்டில் அந்நேரம் சென்னப்பனைக் கைத்தாங்கலாக நடக்கவிட்டார்கள் என்றும், வெள்ளையம்மா பத்து நாளாகச் சுமந்த செருப்பைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள் என்றும் லிபியா போனில் சொன்னாள்.

பிறகு ஜெபசீலி தன் பையைத் திறந்து, பழைய கட்டிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை உருவினாள். பதின்மூன்று வருடத்தில் ஓரம் வெளுத்திருந்தது, எழுத்து வெளுக்கவில்லை. அதிலிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். பாகம்: மன்னிப்புக் கடிதம். எண்ணிக்கை: ஒன்று. காரணம்: அளவு சரியில்லை. கீழே முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டு, மெமோவின் மூலையில் ஓட்டை போட்டுக் கட்டி, தீர்த்தகிரி மேசையில் வைத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். "இத நான் மேல அனுப்பணுமா?"

"அனுப்புங்க, சார். அட்டய மட்டும் யாரும் கழட்ட வேணாம்னு சொல்லுங்க. கழட்டுனா இன்னொண்ணு கட்டுவன். கட்டா வெச்சிருக்கன்."